ஈர உமியும் வெள்ளை மீசையும்

"ஏ தாத்தா! அங்கனயே நில்லும். காலை வச்சீரு, பெருக்குனதெல்லாம் பாழ்!"

கூடத்து வாசலில், வெள்ளையடிக்க வந்த கடற்கரை அப்படியே நின்றான். தாத்தாவா? கல்யாணம் ஆகாத இளவட்டம் அவன். ஆனால் வெள்ளையடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவனின் தலை, புருவம், மீசை எல்லாம் சுண்ணாம்பு... திருத்தலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் அதட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

தூசிக்காக மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். தெரிந்தவை கண்கள் மட்டுமே. சாரலுக்கு நடுவே சட்டென்று அடிக்கும் இளவெயில் போல் இரண்டு கண்கள்... சொல்ல வந்தது அவனுக்கு மறந்தே போயிற்று.

ஐந்தருவிப் பாதையில் இருந்த அந்தப் பங்களாவைப் புதுப்பிக்கும் வேலை அன்றுதான் முடிந்திருந்தது. மறுநாள் முதலாளி குடும்பம் மோட்டாரில் வந்து இறங்கும். அவள் ஈர உமியைத் தரையில் தூவி, தூசி எழும்பாமல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் வெள்ளைக் கட்டிகள் கிடப்பதைக் கண்டு தண்ணீர் வாளியைத் தூக்கினாள்.

"ஏ பிள்ள, ஊத்தாத! நீத்தாத சுண்ணாம்பு அது. தண்ணி பட்டாக் கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்!"

"அதை மெதுவாச் சொன்னா என்னவாம்?" அவள் வாளியை இறக்கினாள்.

அவனே குனிந்து இரும்புச் சட்டியில் அள்ளினான். "இந்த அதட்டு அதட்டுதியே... ஒன்னையக் கட்டப்போறவன் பாவம்!"

"ஒருத்தன் தப்பிச்சிட்டான் தாத்தா. தென்காசிக்காரன். பேரு கடற்கரையாம். மலையடிவாரத்துல பொறந்தவனுக்குப் பேரைப் பாத்தீரா! பண்பொழிக் குருவம்மா வாயாடின்னு எவனோ சொன்னானாம். ஆளைப் பாக்காமலே வேண்டாம்னு சொல்லியனுப்பிட்டான்." கண்கள் சிரித்தன. பிறகு சிரிப்பு நின்றது. "ஊரே கேட்டுது... எங்க அய்யாதான் வெளியில தலைகாட்ட முடியாமக் கெடந்தாரு."

சட்டி அவன் கையிலிருந்து நழுவியது. குப்பென்று வெண்தூசி எழுந்தது.

"ஆ... கண்ணு!"

"கசக்காதீரும்!" அவள் அவனைச் சாரல் விழுந்துகொண்டிருந்த முற்றத்துக்கு இழுத்துப்போய், தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினாள். "இமையை மூடாதீரும்... இன்னும் கொஞ்சம்..."

புருவம் கறுத்தது. மீசை கறுத்தது. சுருக்கமே இல்லாத ஒரு முகம்...

"நீரு... தாத்தா இல்லையா?"

"இல்ல. அந்தத் தென்காசிக்காரன் நாந்தான்."

அவள் முகத்துத் துணியை இழுத்து இறக்கினாள்.

"முன்னமே தெரிஞ்சிருந்தா, எரியட்டும்னு விட்டிருப்பேன்" என்றாள். ஆனால் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

எரிச்சல் அடங்கியதும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன் குருவம்மா."

"வேண்டாம்னு சொல்லுததுக்கு ஆள் விட்டீரு. இதையும் ஆள் விட்டே சொல்லுமே!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது சாரலா, கண்ணீரா... அவனுக்குத் தாங்கவில்லை.

"ஆள் வேண்டாம். ஒங்க அய்யா முன்னால நானே வந்து நிக்கேன். எனக்கு ஒன்னையப் பிடிச்சிருக்கு."

"சாரல் சத்தத்துல கேக்கல."

"பண்பொழிக் குருவம்மாளை எனக்குப் பிடிச்சிருக்கு!"

மாடியில் பெருக்கிக்கொண்டிருந்தவர்களின் விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குருவம்மாள் சிவந்துபோனாள். இறக்கிய துணியை மறுபடி முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும்..." என்றாள் கடைசியில், பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் கேட்கும்படி.