வலது முன்சக்கரத்தில் ஒரு கொலை!

போன் அலறியது.

சுப்புராயன் எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் அவர் வைத்திருக்கும் லாரிப் பட்டறையில் போன் அலறுவதும் கஸ்டமர் அலறுவதும் தினப்படி சமாச்சாரம். டீயை நிதானமாக உறிஞ்சினார். கிரீஸ் கையைக் கைலியில் துடைத்தார். ஏழாவது தடவை அலறியபோதுதான் எடுத்தார்.

"யாரு?"

"இன்ஸ்பெக்டர் எழில்மதி பேசறேன். பத்து நாளைக்கி முன்னாடி ராஜதுரையோட லாரிக்கு முன் ஆக்சில் ஷாஃப்ட் மாத்துனது நீதானே?"

"ஆமா மேடம். ரெண்டும் புதுசு. இன்னா... சத்தம் வருதாமா?"

"சத்தம் வரல. பொணம் வந்திருக்கு!"

டீ கிளாஸை நங்கென்று கீழே வைத்தார்.

"மேடம்...!"

"நேத்து வெள்ளிமலைக்கு மேல மண் பாதையில வண்டி உருண்டு ராஜதுரை செத்துட்டான். நீ போட்ட ஆக்சில் உடைஞ்சதுதான் காரணம்னு பேசிக்கிறாங்க. உடனே கெளம்பி வா. நீயா வந்தா விசாரணை... நாங்களா வந்தா விலங்கு!"

லைன் செத்துப்போனது.

*

மழை பெய்தால் அந்த மண் பாதையில் சாதாரண வண்டி ஏறாது. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். இன்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டுதான் ஆக்சில் ஷாஃப்ட்.

அப்படி நாலு சக்கரமும் இழுக்கும் லாரி அந்தப் பக்கத்தில் இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே மாடல்.

ஒன்று ராஜதுரையுடையது. பார்க்கச் சகிக்காது. ஆனால் மலை சனங்கள் சாமை மூட்டையும் மரவள்ளியும் இறக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். காசு இல்லாவிட்டாலும் வருவான்.

இன்னொன்று வேடியப்பனுடையது. வண்டி பளபளவென்று இருக்கும். தன் வண்டியைத் தானே கழற்றித் தானே பூட்டுவான். ஒரு போல்ட்டைக்கூடத் துடைக்காமல் மாட்டமாட்டான். என்ன பிரயோஜனம்? மூட்டைக்கு இரண்டு மடங்கு வாடகை கேட்டால் எவன் கூப்பிடுவான்?

சுப்புராயன் போய்ச் சேர்ந்தபோது, ஜேசிபி வைத்து மேலே தூக்கிய லாரி பாதை ஓரத்தில் நசுங்கி நின்றது. சுற்றிலும் கூட்டம். மரவள்ளிக் கிழங்கு சிதறிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் எழில்மதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் விசாரணையை எப்போதோ முடித்துவிட்டார். ஜீப் மலை ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டார்!

"வாய்யா மெக்கானிக்கு... கவனக்குறைவால மரணம். அஞ்சு வருஷம் உள்ள இருக்கலாம். தெரியுமில்ல?"

ராஜதுரையின் மனைவி மகேஸ்வரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். கைநிறைய மண்ணை அள்ளிச் சுப்புராயன் முகத்தில் வீசினாள்.

"பாவி! பழசையே மாட்டி வுட்டுட்டு புதுசுன்னு சொல்லிட்டியா? என் குடிய கெடுத்துட்டியே... நீ நல்லா இருப்பியா!"

"இல்லம்மா... சத்தியமா புதுசும்மா..." சுப்புராயன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி, அழுவாதீங்க." வேடியப்பன் குறுக்கே வந்தான். "சுப்புராயண்ணன் வேணும்னு பண்ணியிருக்கமாட்டாரு. வயசாயிடுச்சி... கண்ணு சரியா தெரியறதில்ல. பாவம், வுடுங்க."

வக்காலத்து வாங்குகிற மாதிரியே குழி பறித்தான்!

"மொதல்ல பார்த்தது நீதானே வேடியப்பா?" என்றார் எழில்மதி.

"ஆமா மேடம். பின்னாடி வந்துகினு இருந்தேன். டக்குனு ஒரு சத்தம்! ஷாஃப்ட் உடைஞ்சி துண்டு குறுக்க மாட்டிக்கினா ஸ்டீரிங் திரும்பாது மேடம். நேரா பள்ளந்தான்."

"கேட்டியாய்யா?"

"கேட்டேன் மேடம்." சுப்புராயன் மண்ணைத் துடைத்தார். "பேசிக்கினே இருந்தா ஆச்சா? சக்கரத்த கழட்டிப் பாருங்க. உள்ள என் ஷாஃப்ட் உடைஞ்சி கெடந்தா நானே கையை நீட்டறேன்."

"நான் கழட்டறேன் மேடம்." வேடியப்பன் ஸ்பேனரோடு முன்னால் வந்தான்.

"வேணாம். கட்டுனவனே கழட்டட்டும். நாளைக்கி கோர்ட்ல, அவன் கழட்டினான் இவன் கழட்டினான்னு கதை சொல்லக்கூடாது."

*

முதலில் இடது முன்சக்கரம்.

கழற்றக் கழற்ற எழில்மதியின் முகம் கோணிக்கொண்டே போனது. ஆறு போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இருக்கவேண்டிய இடத்தில் பசை. உள்ளே நட்டு கழன்றுவிடாமல் இருக்க ஒரு லாக் வாஷர் உண்டு. அந்தத் தகட்டின் ஓரத்தை நட்டுமேல் மடித்துவிடவேண்டும். மடிக்கவே இல்லை!

"இது ஒரு வேலையாய்யா? சின்னக் குழந்தை சைக்கிள் கட்டினாக்கூட இத்தவிட நல்லா கட்டுமே... இதுக்குக் கூலி வேற வாங்கினியா?"

"எப்பவும் இப்படித்தான் மேடம் கட்டுவேன். ஓடும்."

"ஓடுச்சே... பள்ளத்துக்கு!"

சுப்புராயன் ஷாஃப்ட்டை உருவிக் காட்டினார். புத்தம் புதுசு. ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணு புதுசு. இன்னொண்ணுல ஏமாத்தியிருப்ப. வலது பக்கம் கழட்டு!"

வலது பக்க மூடியைத் திறந்தார். உள்ளே நட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விளிம்புவரை கிரீஸ்.

சுப்புராயன் உளியை எடுத்தார். குத்துமதிப்பாக நட்டு இருக்கும் இடத்தில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஸ்பேனரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிற ஜாதி இல்லை அவர்.

"ஐயோ, அண்ணே!"

வேடியப்பன் பதறிப்போய்க் கத்தினான்.

"அப்படியே தட்டாதீங்க! வாஷர மூணு எடத்துல மடிச்சிருக்கு. மொதல்ல அத நிமித்துங்க... மரை போயிடப்போவுது!"

ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

சுப்புராயன் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா சொன்ன?"

"அது... மரை போயிடும்னு..."

"அதுக்கு முன்னாடி?"

வேடியப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

சுப்புராயன் கைலி முனையால் கிரீஸை வழித்தெடுத்தார். நட்டு தெரிந்தது. லாக் வாஷர் தெரிந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று. அளந்து வைத்தாற்போல் மூன்று மடிப்பு!

சுப்புராயன் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யோவ்! பொணம் வுழுந்த எடத்துல இன்னாய்யா சிரிப்பு?" எழில்மதி சீறினார்.

"மேடம், முப்பது வருசமா பட்டறை வெச்சிக்கினு இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வாஷர மடிச்சது கெடையாது. போல்ட்ட எண்ணிப் பாருங்க... ஆறு! புது கேஸ்கெட்! இவ்ளோ சுத்தமா நான் என் ஜென்மத்துல வேலை செஞ்சதில்ல மேடம். கள்ளக்குறிச்சில யார வேணா கேளுங்க. அத்தினி பேரும் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுவாங்க!"

கூட்டத்தில் நாலைந்து தலைகள் பலமாக ஆடின.

"இத வேற ஒருத்தன் தொறந்து மூடியிருக்கான். கிரீஸுக்குள்ள மறைஞ்சி கெடந்த மடிப்பு, மூணுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் கண்ணுல இன்னா எக்ஸ்ரேவா வெச்சிக்கிறான்?"

எழில்மதி முதல்முறையாகக் கட்டிய கையை அவிழ்த்தார். மூளையையும்தான்!

"உருவுய்யா அந்த ஷாஃப்ட்ட!"

உருவினார். பாதிதான் வந்தது. பல் தேய்ந்து மழுங்கிய கிழட்டு ஷாஃப்ட். கழுத்தில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் துரு ஏறியிருந்தது.

"நேத்து உடைஞ்சதுல இவ்ளோ துருவா?" என்றார் சுப்புராயன். "அதுவுமில்லாம ஓடுறப்ப உடைஞ்சிருந்தா உள்ள சுத்தி கீறல் இருக்கணும், இரும்புத்தூள் இருக்கணும். ஒண்ணுமே இல்ல. கிரீஸ வழிச்சா கழுவி வெச்ச கிண்ணம் மாதிரி கீது."

"பாண்டியன்!" எழில்மதி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "இவன் வண்டி எங்க நிக்குது?"

"அந்த வளைவுல மேடம்."

வேடியப்பன் ஓட முயன்றான். மூன்றாவது அடியில் மரவள்ளிக் கிழங்கை மிதித்து மல்லாக்க விழுந்தான். பாண்டியன் அவன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

*

வேடியப்பன் வண்டியின் வலது முன்சக்கரத்தைக் கழற்றினார்கள்.

ஆறு போல்ட். மூன்று மடிப்பு. உள்ளே... புத்தம் புது ஷாஃப்ட்!

இடது பக்கத்தில் தேய்ந்துபோன பழசு.

"ராஜதுரை மதியம் பன்னெண்டுக்கே செத்துட்டான்னு டாக்டர் சொல்றாரு. நீ ஸ்டேஷனுக்கு போன் பண்ணது சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவுல நாலு மணி நேரம் இன்னாடா பண்ண?"

பளார்!

"சொல்லிடறேன் மேடம்... சொல்லிடறேன்! என் வண்டில ஷாஃப்ட் உடைஞ்சி, போன வாரத்துலேர்ந்து லோடோட ஏறல. நேத்து மழை ஈரத்துல வெறும் வண்டியா தம்கட்டி ஏறிகினு இருந்தேன். வளைவுல நின்னு போச்சி. ராஜதுரை எதிர்ல வந்தான். எறங்கி வந்து குனிஞ்சி பார்த்தான். அவன் ஒருத்தன் இல்லன்னா மலைக்கே என் வண்டிதான்னு... இரும்பு ராடால மண்டையில போட்டுட்டேன். தூக்கி அவன் சீட்லயே வெச்சி, பிரேக்க எடுத்து வண்டிய பள்ளத்துல தள்ளி வுட்டேன்."

"ஒத்தாசைக்கு எறங்கினவனையாடா!" மகேஸ்வரி காறித் துப்பினாள். குறி தப்பவில்லை.

"சரி... கொலைய மறைக்கிறதுக்காக உடைஞ்ச ஷாஃப்ட்ட கொண்டாந்து மாட்டினியா?" என்றார் எழில்மதி.

வேடியப்பன் தலையைக் குனிந்தான்.

"இல்ல மேடம்."

"பின்ன?"

"அவன் வண்டி மரத்துல சாஞ்சி, வலது சக்கரம் மேல தூக்கிக்கினு நின்னுது. பத்து நாள் ஓடுன புது ஷாஃப்ட் மேடம்... சும்மா வுட்டுட்டு வர மனசு வரல. அத எடுத்துகினு என்னோடத உள்ள வெச்சேன். அப்புறந்தான்... ஆக்சில் உடைஞ்சதுன்னே சொல்லிடலாம்னு தோணுச்சி."

எழில்மதி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட மூதேவி! மண்டைக் காயம் பள்ளத்துல வுழுந்ததால வந்ததுன்னு டாக்டரே எழுதிட்டாரு. நானும் ஆக்சிடன்ட்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ கைய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா சாவுற வரைக்கும் மாட்டியிருக்கமாட்ட. கொலை பண்ணிட்டுத் தப்பிச்சி... ஷாஃப்ட் திருடி மாட்டினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா!"

"அதையும் அரைகுறையா மாட்டியிருந்தா நான்தான் உள்ள போயிருப்பேன்." சுப்புராயன் முகத்து வேர்வையை வழித்துப் போட்டார். "சுத்தமா கட்டினான் பாருங்க... சனியன்!"

விலங்கு மாட்டி ஜீப் பக்கம் இழுத்துப் போனார்கள். ஏறப்போனவன் திரும்பித் தன் பளபள லாரியைப் பார்த்தான்.

"மேடம்... மழை வர்ற மாதிரி கீது, வண்டி இங்கயே நிக்குதே. நானே ஓட்டிகினு வந்துடட்டுமா? புது ஷாஃப்ட்... நாலு சக்கரமும் நல்லா இழுக்கும் மேடம்..."

எழில்மதி அவன் பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"கடலூர் ஜெயில் வரைக்கும் நல்ல தார் ரோடுடா... ரெண்டு சக்கரம் இழுத்தாலே போதும். ஏறு!"