கண் திறக்காத படை

போட்டோவில் மகனுடைய கண் வெளுத்திருந்தது.

தூசி என்றுதான் பொன்னழகு முதலில் நினைத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். சட்டம் பளிச்சென்று ஆனது, கண் மட்டும் ஆகவில்லை. மதியழகனின் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது, மீசை தெரிந்தது, சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் வாங்கிய தழும்புகூடத் தெரிந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் வட்டங்கள், தண்ணீர் பட்டு மை கரைந்த மாதிரி. ஸ்டுடியோக்காரன் மட்டமான பேப்பரில் போட்டுக் கொடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டார். அவருக்கு ஸ்டுடியோக்காரன் மேல் நம்பிக்கை கிடையாது. யார் மேலும் கிடையாது. வெங்காயக் குடோனில் ஆயுசு பூராவும் காவல் கிடந்தவர். ஆள் பார்க்காதபோது மனுசன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் நேற்று அந்தி வரைக்கும் அந்தக் கண் நன்றாக இருந்தது. நேற்று அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போட்டோ நின்றது மகன் அறையில், பெரிய மேசையின் விளிம்பில். திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் அந்த ஒரு அறைதான் எப்போதும் பூட்டிக் கிடக்கும். உள்ளே போனால் வர்ண வாடை, டர்பன்டைன் வாடை, பூட்டிய அறையின் புழுக்கம். சுவருக்குச் சுவர் மேசை. அதன் மேல் பஞ்சில் செய்த குன்று, நீலம் அடித்த ஆறு, மரத்தூளில் புல். புல் மேல் ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், கட்டைவிரல் உயரம்கூட இராது. பெங்களூரில் வேலை பார்த்தபோது மதியழகன் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து படையை நகர்த்துவார்களாம். ஆடு புலி ஆட்டம் மாதிரியா என்று கேட்டதற்கு, "அதைவிட லேட்டாகும்ப்பா" என்றான்.

லண்டனுக்குக் கிளம்பும்போது சாவியைக் கையில் கொடுத்துச் சொன்னான்.

"பத்து வருசத் திட்டம்ப்பா இது. ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஒரு கூட்டத்துக்கு வர்ணம் அடிச்சிருவேன். முதல்ல காலாட்படை, அப்புறம் குதிரை, அப்புறம் பீரங்கி. கண்ணு மட்டும் வைக்க மாட்டேன். அது கடைசி. அம்புட்டுப் பேருக்கும் ஒரே கையில, ஒரே வெளிச்சத்துல வைக்கணும். அதுக்குன்னே வேலைய விட்டுட்டு இங்க வந்துருவேன், பாருங்க."

விளையாட்டு பொன்னழகுக்குப் பிடிபடவில்லை. கடைசிப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி பெருமாயி போன பிறகு அந்த வீட்டில் பேச்சென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் ஃபேன் சத்தம், பல்லிச் சத்தம், தன் செருப்புச் சத்தம். கண் இல்லாத படை இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் மகன் வந்துதான் தீரவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

போன ஞாயிறு அந்தக் கணக்கு உடைந்தது.

"அப்பா, நான் இங்கயே வீடு வாங்குறேன். பொம்மைகளப் பேக் பண்ண ஆள் அனுப்புறேன். கப்பல்ல வந்துரும்."

"அப்ப நீ வரல?"

"வருவேன்ப்பா. பாப்போம்."

பாப்போம் என்றால் என்னவென்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்.

பொன்னழகு பிறந்தது சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். ஊர் எல்லையில் மண்ணால் செய்த காவல்காரர்களும் குதிரைகளும் நிற்கும். குயவர் கடைசியாகத்தான் கண் திறப்பார். அதுவரை மண். கண் திறந்துவிட்டால் காவல். எல்லைக்குள் இருக்கிற பொருள் அப்புறம் வெளியே போகாது. திறக்கும்போது எதிரே ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள், முதல் பார்வை அதன் மேலேயே விழவேண்டும் என்று. முதல் பார்வை பசியோடு வரும், எதிரே ஆள் ஆகாது என்பார்கள். காவலை அவர் நம்பினார். கண்ணாடியை நம்பவில்லை. குயவர் ஒரு கண்ணாடியும் வேட்டியும் வாங்குவதற்குச் சொல்கிற சாக்கு என்றே சின்ன வயசிலிருந்து நினைத்திருந்தார்.

நேற்று அந்தியில் வழக்கம்போலக் கரண்டு போனது. அந்த வருசம் தினமும் போனது. கண் திறந்துவிட்டால் படை கப்பல் ஏறாது, மகன்தான் தேடி வரவேண்டும் என்று நினைத்தார். மெழுகுவத்தி கொளுத்தி வைத்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சீவி, மகனின் கறுப்பு வர்ணத்தில் தொட்டு, வர்ணம் அடித்து முடித்திருந்த பாதிப் படைக்கும் ஒவ்வொரு முகத்திலும் இரண்டு புள்ளி வைத்தார். பக்கவாட்டில் உட்கார்ந்து வைத்தார். எல்லோரையும் அறையின் பச்சைக் கதவைப் பார்க்க நிறுத்தியிருந்தார், வருகிறவனைப் பார்க்கட்டும் என்று. கண்ணாடிக்குப் பதிலாக மகன் போட்டோவை முன்னால் சாய்த்து வைத்தார், உடையவன் யாரென்று தெரியட்டும் என்று.

அது நேற்று. இப்போது போட்டோவை மேசை டிராயரில் போட்டு மூடினார். முதுகுக்குப் பின்னால் அறை அமைதியாக இருந்தது. குடோனில் காவல் கிடந்த காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும், ஆள் இல்லாத அமைதி வேறு, ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அமைதி வேறு.

பகலில் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். அவள் கொடுத்ததைச் சாப்பிடுவார், ஆனால் அவள் எதற்குக் கொடுக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவார். பச்சைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து அவள் தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, பொம்மைக்கெல்லாம் பொட்டு வச்சுச் சீர் செய்றீங்களா? சடங்குக்கு என்னையக் கூப்பிடவே இல்ல."

"குழம்ப வச்சுட்டுப் போ தாயி."

அவள் போகவில்லை. குனிந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக் கிறிஸ்மஸ் குடில்ல கெடக்குற மாட்டுக்குக்கூட இம்புட்டு நல்ல கண்ணு இல்லண்ணே. யாரு வரைஞ்சா? உங்க மகன் கண்ணு மாதிரியே தேன் கலர்ல இருக்கு." பிறகு நிமிர்ந்து, எதற்கென்று இல்லாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் வாரேண்ணே."

கிண்ணத்தை அவள் திரும்ப வாங்க வரவில்லை.

அவள் போன பிறகு பொன்னழகு, மகன் வர்ணம் அடிக்க வைத்திருந்த லென்ஸை எடுத்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல், மேசை மட்டத்துக்குக் குனிந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டி நின்றது. அவர் வைத்தது கறுப்புப் புள்ளி. லென்ஸுக்குள் இருந்தது புள்ளி இல்லை. வெள்ளை விழி, அதற்குள் தேன் நிறத்தில் ஒரு வளையம், அதற்குள் கறுப்பு. ஈரம். அடுத்த சிப்பாய். அவனுக்கும் அதே. அடுத்தவன். எல்லாம் பெருமாயி வழியில் மகனுக்கு வந்த கண்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"கண்ணு சரியில்லப்பா. எல்லாம் மங்கலா இருக்கு. டாக்டரு ஒண்ணுமில்லங்குறாரு."

"கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே இருந்தா அப்பிடித்தான்லே."

"அது இல்லப்பா." என்றான் மகன். "கண்ண மூடினா நம்ம வீட்டுக் கதவு தெரியுது. என் ரூமு பச்சைக் கதவு. அடியில நின்னு அண்ணாந்து பாக்குற மாதிரி. ராத்திரி பூராம் அதேதான். அன்னைக்கு நீங்க வந்து குனிஞ்சீங்க. சட்டை இல்ல. கையில என் லென்சு. உங்க மூக்குல வேர்வை தொங்குச்சு. இம்புட்டுப் பெரிய சொட்டு."

பொன்னழகு போனை வேறு காதுக்கு மாற்றினார்.

"கனவுலே அது."

"கனவாத்தான் இருக்கும்."

வைத்தவுடன் நேரே அறைக்குப் போனார். டர்பன்டைனைத் துணியில் நனைத்தார். முன்வரிசையில் ஓரத்தில் நின்றவனை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஈயம் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தித் துடைத்தார். ஏதோ ஒன்று துணிக்கடியில் நசுங்கிக் கொடுத்தது.

ஹாலில் போன் அலறியது.

"அப்பா." மகன் சின்னப் பிள்ளை மாதிரி மூச்சு வாங்கினான். "எரியுதுப்பா. ஓரத்துல ஒரு இடம் இருட்டாயிருச்சு. ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருக்குப்பா."

"ஒண்ணுமில்ல அப்பு. ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்திக் கழுவு."

துணியைக் கொல்லையில் கொண்டுபோய்ப் புதைத்தார். மற்றவர்களைத் தொடவில்லை. அழிக்கவும் முடியாது, இருக்கவிடவும் முடியாது. அதிலிருந்து தினமும் அந்த அறைக்குள் போகும்போது சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு போனார். கதவை மூடவே இல்லை. மூடினால் அவனுக்கு மூடிய கதவுதானே தெரியும். திறந்து வைத்தால் ஹால் தெரியும், வாசல் தெரியும், தெருவில் போகிற சைக்கிள் தெரியும்.

மழைக்காலம் தொடங்கும்போது மகன் வந்துவிட்டான்.

மதுரை ஏர்போர்ட்டிலிருந்து டாக்சியில் அவனுடன் வேலை பார்க்கும் ஜெரின் என்ற பையன் கூட்டிவந்தான். மதியழகன் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். ஜெரின் வாசற்படி ஏறவில்லை.

"உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போப்பா."

"இல்லங்கய்யா, நேரமாச்சு." ஜெரின் குரலைத் தாழ்த்தினான். "அங்க டாக்டருங்க போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க. என்னன்னு அவங்களுக்கே தெரியல. கண்ணாடியக் கழட்டச் சொல்லாதீங்கய்யா. நான் ஒரு தடவ பாத்துட்டேன்."

பையையும் ஆளையும் இறக்கிவிட்டு டாக்சி ஒரு நிமிசம்கூட நிற்காமல் போனது.

மதியழகன் நடையில் தடுமாறினான். தூணில் இடித்தான், செருப்பு தடுக்கியது. பொன்னழகு கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சைக் கதவின் நேருக்கு வந்ததும் மகன் நிமிர்ந்தான். கையை உதறினான். சுவரைத் தொடாமல், நிலையைத் தொடாமல், நேரே நடந்துபோய் மேசைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மெலிஞ்சுட்டீங்கப்பா" என்றான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தான்.

புருவத்துக்குக் கீழே கன்னம்வரை ஒரே தோல். குழி இல்லை, இமை இல்லை, தையல் இல்லை. சாம்பல் பூச்சு மட்டும் அடித்து வைத்த பொம்மை முகம் மாதிரி வழவழவென்று இருந்தது.

பொன்னழகு, சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வெஞ்சனம் என்ன என்று மகன் கேட்டான். கத்திரிக்காய் என்றார். இரண்டு தட்டு எடுத்துவைத்தார். அந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் வியாகுலம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள், மகனைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பினார். அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள் என்று ஜன்னலைச் சாத்தினார். மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர் தட்டோடு போனால், உள்ளே நுழையும் முன்பே, "பாத்துப்பா, சோறு சிந்துது" என்பான். முகம் எங்கேயோ இருக்கும். மேசை மேல் அத்தனை தேன் நிறக் கண்ணும் அவர் மேல் இருக்கும்.

ஒரு அந்தியில் கரண்டு போனது. மெழுகுவத்தியோடு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

மகன் டிரங்குப் பெட்டியைத் திறந்திருந்தான். வர்ணம் அடிக்காத மீதிப் படை அதில்தான் கிடந்தது. சாம்பல் முகம், சாம்பல் உடம்பு. விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் மறுபக்கத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான். வரிசை கோணாமல் நின்றது. ஈயம் பலகையில் தொடும் சத்தம் மட்டும். டக். டக்.

"திட்டம் பாதியில நிக்குதுப்பா" என்றான். "எனக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் தெரியுது. எதிர்ப்பக்கம் ஒரே இருட்டு. மிச்சத்துக்கும் கண்ணு வச்சிருவோம்."

பொன்னழகு ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "கண்ணாடி எடுத்தாரேன்லே. பெருசா ஒண்ணு இருக்கு, உங்காத்தா வச்சிருந்தது."

"எதுக்குப்பா கண்ணாடி? அதான் நீங்க இருக்கீங்கள்ல. முன்னாடி உக்காருங்க."

தெருக்கதவு திறந்துதான் கிடந்தது. பக்கத்து வீட்டில் வியாகுலம்மாள் ஜெபமாலை சொல்லும் குரல் கேட்டது. நாலு எட்டு வைத்தால் அங்கே போய்விடலாம். கூப்பிட்டால்கூட வருவாள். மழை ஈரம், மெழுகு வாடை, டர்பன்டைன் வாடை.

"தனியா விளையாட முடியாதுப்பா இது" என்றான் மகன்.

பொன்னழகு மெழுகுவத்தியை மேசையில் நட்டார். நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். எதிரே சாம்பல் முகங்கள். எல்லாம் அவரைப் பார்த்து நின்றன. இன்னும் பார்க்கவில்லை.

மகன் தூரிகையை வர்ணத்தில் தொட்டான். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, முதல் சிப்பாயின் நெற்றிக்குக் கீழே சரியாகக் கொண்டுபோனான்.

ஒரு புள்ளி.

மெழுகுவத்திச் சுடர் மங்கியது. அல்லது மங்கியது சுடர் இல்லை.

இன்னொரு புள்ளி.

மேசை நீண்டது. புல் உயர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் சட்டையைப் போட்ட ஒரு கிழவன் சாய்ந்து கிடந்தான், குன்று மாதிரி, வாய் திறந்து. பொன்னழகு அண்ணாந்தார். மேலே, இருட்டில், மரமில்லாத செடியில்லாத திண்டுக்கல் பாறை மாதிரி மொட்டையாக, மகனுடைய முகம் குனிந்து வந்துகொண்டிருந்தது.