பொய்க்கோடு

தம்பியைக் கட்டி இறக்கிய கயிறு கனமில்லாமல் மேலே வந்தது. முனையில் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. தம்பி இல்லை.

அண்ணன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். மழை கடல்மேல் பொரிந்தது, தூர்வாரும் கப்பல் கரகரவென்று சேற்றை உறிஞ்சியது, அடியில் இறால்கள் இடுக்கி சொடுக்கும் சத்தம் காய்ந்த சட்டியில் கடுகு போல வெடித்தது. அத்தனை சத்தத்துக்கும் கீழே, இரும்பில் இரும்பு. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. தம்பி கத்தியால் சிலிண்டரைத் தட்டுகிறான். இன்னும் இருபது நிமிஷக் காற்று.

படகு இழுத்துப்போகும் ஒயரில் கோத்த மைக்குகளுக்குக் கோணம் தெரியும், பக்கம் தெரியாது. திரையில் வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் அதே கோணத்தில் இன்னொன்று. ஒன்று மெய், ஒன்று பொய். படகைத் திருப்பினால் பொய் நகர்ந்துவிடும்.

மேலே கேப்டனிடம் திருப்பச் சொன்னான். இடது நகர்ந்தது. வலது நின்றது.

பதினாறு வயதிலிருந்து மூட்டை தூக்கி இவன் வளர்த்த தம்பி. இன்று காலை தம்பி தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டே இவன் பெண்டாட்டி சொன்னாள்: "உன் அண்ணன் உக்காந்த இடத்துல சம்பாதிக்கிறார். நீதான் பாவம், உயிரைக் குடுக்கிற."

"விடுங்க அண்ணி, அண்ணனுக்குக் காதாவது வேலை செய்யுதே."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவனிடம் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்.

"எந்தப் பக்கம்யா?" என்றார் கேப்டன்.

"இடது."

ஒரு நிமிஷம் கழித்துத் திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். வாய் திறக்கவில்லை. படகு இடப்பக்கம் ஓடியது. இரண்டு டைவர்கள் குதித்தார்கள். வலப்பக்கம் தட்டல் மெலிந்தது. மூன்று. நிறுத்தம். இரண்டு.

மேலே யாரோ ஒருவன் கத்தினான். "ஆள் கெடைச்சாச்சு."

எந்த ஆள்?

கேப்டன் கதவைத் திறந்து இவன் முதுகில் அறைந்தார். "பாம்புக் காதுய்யா உனக்கு. பயந்துட்டான் போல, மாஸ்க்கக் கழட்ட மாட்டேங்கிறான். நீயே பேசு." போய்விட்டார்.

வாசலில் தம்பி. அதே உயரம். அதே சாய்ந்த நடை. சேற்று வாடை. மாஸ்க் கண்ணாடிக்கு உள்ளே, விளிம்புவரை தண்ணீர். அதற்குள் கண்கள், இமைக்காமல்.

வலப்பக்கம் ஒரு தட்டு.

"கொஞ்சம் நகருங்க அண்ணே. நானும் கேக்குறேன்."

அது பக்கத்தில் உட்கார்ந்தது. ஹெட்போனின் ஒரு காதை இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டது. கன்னத்தோடு கன்னம். சில்லிட்ட ரப்பர். இருவரும் கேட்டார்கள்.

இன்னொரு தட்டு.