முதுகு காட்டி வந்தவள்

யித்கா வந்தது நல்ல உச்சி வெயில்ல. அந்த நேரத்துக்கு எங்க நாட்டுத் தலைநகரம் ஜார்ஜ்டவுன்ல நாய்கூட ரோட்டைத் தாண்டாது. இவ மார்க்கெட்ல மினிபஸ்ஸை விட்டு இறங்கி, டாக்ஸிக்குக் குடுக்க மனசு வராம, தன்னைவிடப் பெரிய பையை முதுகுல கட்டிக்கிட்டு நடந்தே வந்திருக்கா. எங்க விடுதி மாதிரி மலிவான இடத்துக்கு வர்றதுங்க எல்லாம் அப்படித்தான். இந்த ஊரைப் பத்தி என்னென்னமோ சொல்லிப் பயமுறுத்தி அனுப்புவாங்க போல, கதவைத் திறந்தா முதல்ல நம்ம கையில கத்தி இருக்கான்னுதான் பார்க்கும்.

மரப்படி ஏறி வந்து வாசல்ல மூச்சு வாங்கினா. செக் நாட்டுப் பொண்ணு, மூஞ்சி தக்காளி மாதிரி சிவந்து கிடந்தது. நான் அவ காலைப் பார்த்தேன். ஷூ முழுக்கக் கறுப்புச் சேறு, அதுல பழைய செங்கல் தூள்.

"எந்த வழியா வந்தே?"

"ரோட்ல திருடங்க இருப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க ஆன்ட்டி. அதான் ஆளில்லாத வழியா வந்தேன். பழைய இடுகாடு இருக்கே, அதுக்குள்ள புகுந்து. நல்ல நிழல். ஒரு கல்லறை மேல பையைச் சாய்ச்சு ரொட்டி சாப்பிட்டேன், அப்படியே கண்ணசந்துட்டேன்."

"அட கடவுளே. நில்லு அங்கேயே. உள்ள கால் வைக்காதே."

இடுகாட்டுக்குப் போய் வந்தா இங்க யாரும் நேரா வீட்டுக்குள்ள நுழைய மாட்டோம். தெருவைப் பார்த்தபடி, முதுகு முதல்ல உள்ள வர்ற மாதிரி, பின்னாலயே நடந்து வருவோம். அங்கிருந்து ஏதாவது கூட வந்திருந்தா, அது நம்ம மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வெளியில நின்னுடும். பிறந்ததுல இருந்து செய்யறதுதான், இதுக்கெல்லாம் யோசிக்கிறதில்ல.

"திரும்பு. தெருவைப் பாரு. அப்படியே பின்னால வா."

அவ சிரிச்சா. ஆனா சொன்னபடி செஞ்சா. எங்கேயாவது இடிச்சுக்கப் போறாளேன்னு நான் பின்னால நின்னு ரெண்டு கையாலயும் பையைத் தாங்கி உள்ள இழுத்தேன். பை சில்லுன்னு இருந்தது. அவ்வளவு வெயில்ல வந்த பை.

அப்போ அது எனக்கு உறைக்கல.

சாயங்காலம் லெனாக்ஸ் வந்தான். என் வீட்டுக்காரன். முப்பது வயசு வரைக்கும் துறைமுகத்துல அரிசி மூட்டை தூக்கினவன், வாய் ஓயாம பேசுவான். கூடத்துல கிடந்த பையைப் பார்த்ததும் ஆரம்பிச்சுட்டான்.

"என்னம்மா, உங்க ஊரையே மடிச்சு எடுத்துட்டு வந்துட்டியா? யோனெட், இவளுக்கு இன்னொரு கரண்டி சாதம் போடு. பையை இவ தூக்குறாளா, பை இவளைத் தூக்குதான்னே தெரியல."

"அந்த இடுகாட்டுல இருந்து ரொம்பக் கனம் அங்கிள்," யித்கா வாய் நிறையச் சாதத்தோட சொன்னா. "தோள் ரெண்டும் பிஞ்சு போற மாதிரி. ஆனா பாருங்க, உங்க வீட்டுக்குள்ள வந்ததும் லேசாயிடுச்சு."

லெனாக்ஸ் கரண்டியைக் கீழே வச்சான்.

"இடுகாட்டுல இருந்தா வந்தே? யோனெட், பின்னால நடத்தித்தானே கூட்டிட்டு வந்தே?"

"ஆமா. பின்னே?"

"பையைக் கழட்டச் சொன்னியா?"

சொல்லல. எனக்குத் தோணவே இல்ல. முதுகு முதல்ல உள்ள வரும். முதுகுக்கும் முன்னால பை வரும். அந்தப் பையில ஏறி உக்காந்திருந்ததை நானே ரெண்டு கையால தாங்கி, வீட்டுக்குள்ள இழுத்து விட்டிருக்கேன்.

பயம் வரணும். வரல. உள்ளுக்குள்ள என்னமோ மரத்துப்போன மாதிரி இருந்தது.

மறுநாள் விடியற்காலையில யித்கா உள்ளே காட்டுப் பக்கம் போற பஸ்ஸுக்குக் கிளம்பிட்டா. பையைச் சும்மா தலையணை மாதிரி தூக்கி மாட்டிக்கிட்டா. கட்டிப்பிடிச்சு, நன்றி ஆன்ட்டின்னா. அவ நல்லாத்தான் போய்ச் சேர்ந்திருப்பா.

கனம் என்கிட்ட இருந்தது.

முதல்ல தோள்ல. அப்புறம் நடு முதுகுல. ரெண்டு நாளைக்குள்ள என்னால நிமிர முடியல. துணி காயப்போடக் கையைத் தூக்கினா அது தானா கீழே இறங்கிடும். நடந்தா பலகைத் தரை ரெண்டு பேர் நடக்கிற மாதிரி முனகும். நான் உக்காருற நாற்காலியில ஈரச் செங்கல் வாசனை வந்தது. சாப்பாடு இறங்கல, அழுகையும் வரல. லெனாக்ஸ் என்ன கேட்டாலும் "ம்"னுதான் சொல்ல வந்தது.

டாக்டர் தசைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்தார். அன்னைக்கு மாத்திரை எடுக்கப் பாதி தூரம் போனவ, கனம் தாங்காம அடுப்புக்கிட்ட மண்டி போட்டு உக்காந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. மூச்சு விடவே கஷ்டமா இருந்தது. இப்படியே கொஞ்சம் கொஞ்சமா தரையோட தரையா அழுத்திடும்னு புரிஞ்சது. சரி, அழுத்தட்டும்னு இருந்தது.

லெனாக்ஸ் அதைப் பார்த்தான். அவன் மூஞ்சியில விளையாட்டே இல்ல.

என்னைத் தூக்கி நிறுத்தினான். அப்புறம் திரும்பி, என் முதுகோட தன் முதுகைச் சேர்த்து நின்னான்.

"என்ன பண்றே?"

"ச்சூ. நீ பேசாதே."

அப்புறம் என்கிட்ட இல்ல, வேற யார்கிட்டயோ பேசினான். மெதுவா, துறைமுகத்துல கூட்டாளியைக் கூப்பிடுற மாதிரி.

"இது எலும்பும் தோலுமா இருக்கு. இதுல உக்காந்து உனக்கு என்ன சுகம்? இங்க வா. இந்த முதுகு அகலம்."

"லெனாக்ஸ், வேண்டாம்."

"இங்க வா."

பலகை ஒரு தடவை முனகிச்சு.

என் தோள் லேசாச்சு. அவ்வளவு நாளைக்கு அப்புறம் முழு மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தா லெனாக்ஸோட முட்டி மடங்கி, நெத்தி நரம்பு புடைச்சிருந்தது. இருந்தாலும் கண்ணடிச்சான்.

"மூட்டைதானே. கொண்டு போய் எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்துடறேன். நீ சாதம் வை."

அந்த வெயில்ல, குனிஞ்சு குனிஞ்சு தெருவுல போனான். வாய்க்கால் பாலம் தாண்டிப் போற வரைக்கும் ஜன்னல்ல நின்னேன். அப்புறம் சாதம் வச்சேன். அவன் திரும்பி வரணும், அவ்வளவுதான் வேணும்னு இருந்தது. அதைக்கூட அழுது வேண்டிக்க வரல.

வெயில் சாய்ஞ்சப்போ படியில சத்தம் கேட்டது. லெனாக்ஸ்தான். நிமிர்ந்து நின்னான். சட்டையெல்லாம் வேர்வை, ஷூவுல கறுப்புச் சேறு.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன். நாலு கெட்ட வார்த்தை சொல்லி, இங்கேயே கிடன்னுட்டு வந்தேன்."

வாசலுக்கு முதுகைக் காட்டி ஒழுங்கா உள்ள வந்தான். அவன் முதுகைப் பார்த்தேன். நனைஞ்ச சட்டை, வேற எதுவும் இல்ல. கதவைச் சாத்தினேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அவன் என்னைக் கிண்டல் பண்ணினான், சாதம் குழைஞ்சுபோச்சு, அடுத்த புருஷனுக்காவது ஒழுங்கா வைன்னான். அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆச்சு. நானும் சிரிச்சேன். அவன் நாற்காலியில ஒரு தடவைகூடச் சாய்ஞ்சு உக்காரல, அதைக் கவனிச்சேன்.

"தூக்கிட்டுப் போனது வலிக்குது. கொஞ்சம் தேய்ச்சு விடேன்."

சட்டையைக் கழட்டிட்டுக் கட்டில்ல குப்புறப் படுத்தான். வலிக்குத் தேய்க்கிற பே ரம் தைலத்தை உள்ளங்கையில ஊத்தி, அவன் முதுகுல கை வைக்கப் போனேன்.

கை அவன் முதுகு வரைக்கும் போகல.

ஒரு சாண் மேலயே நின்னுடுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கைக்குத் தெரிஞ்சது. சில்லுன்னு, ஈரமா, ஊறிப்போன துணி. அதுக்கு அடியில எலும்பு.

"என்ன, நிறுத்திட்டே?" லெனாக்ஸ் தலையணைக்குள்ள இருந்து கேட்டான். குரல்ல கிண்டல் இல்ல.

"ஒண்ணுமில்ல."

"கையில ஏதாவது படுதா யோனெட்?"

அவன் மூச்சை அடக்கிக்கிட்டுக் காத்திருந்தது எனக்குத் தெரிஞ்சது. அது தன்னோடயே வந்ததை எனக்குத் தெரியாம மறைச்சிடலாம்னு நினைக்கிறான் பாவி. எனக்குத் தெரிஞ்சா, திரும்பக் குடுன்னு நான் கேட்பேன்னு அவனுக்குப் பயம்.

"உன் முதுகுதான் படுது. வேற என்ன படும்?"

"ம். அப்போ சரி," பெருமூச்சு விட்டான். "தேய்."

தேய்ச்சேன். மேலயிருந்து கீழ, கீழயிருந்து மேல. பே ரம் வாசனையை மீறி ஈரச் செங்கல் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்துல லெனாக்ஸ் குறட்டை விட ஆரம்பிச்சான்.

கைக்குக் கீழே இருந்தது தூங்கல. தேய்க்கத் தேய்க்க, சுகமா, கொஞ்சம் கொஞ்சமா என் பக்கமா நகர்ந்து வந்தது.