ஏணியைப் பிடித்திருந்தவன்

காளப்பநாயக்கன்பட்டியில் ஏறிய பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டி எடுத்து, ஒருவழியாக மலைமேலிருந்த வாழவந்தி நாட்டில் கோகிலாவை இறக்கிவிட்டது. புதுப்பெண். கூட வந்த புருஷன் செல்வத்துக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி பாப்பாயி மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து செத்தவள். அதை மறைக்காமல் சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். வீடு துப்புரவாக இருந்தது. பறிப்புக்கு இன்னும் நாளிருந்தும் பச்சை மிளகின் நெடி மட்டும் மூக்கை அரித்தது.

கோகிலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் ஒரு தடவையோடு விடமாட்டாள். முதல் தடவை கதாநாயகனுக்காக மூக்கைச் சிந்துவாள். இரண்டாம் தடவை அவன் தங்கையை ஏய்த்ததைக் கண்டுபிடிப்பாள். மூன்றாம் தடவை, வில்லன் கேட்டதில் என்ன தப்பு என்பாள். ஒருமுறை பார்த்துவிட்டு யாரையும் நல்லவன் என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவள் கட்சி. படத்துக்கு மட்டுமா, மனிதர்களுக்கும் அதே சட்டம்தான்.

செல்வமேதான் செல்போனில் ஒரு சினிமாப் படத்தைக் காட்டினான். பாப்பாயி இருந்த காலத்தில் மலையில் எடுத்தது. ஒரு வாரம்கூட ஓடாத படம். பாட்டு நடுவே கதாநாயகி ஒரு தோட்டத்துக்குள் ஓடுவாள். அதன் ஓரத்தில், கணுக்களில் கால் வைத்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று ஒரு பெண் மிளகு பறிப்பாள். கீழே ஒருவன் ஏணியைப் பிடித்திருப்பான். பாப்பாயியும் செல்வமும். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிக்கொண்டு, அண்ணாந்து அவளையே பார்த்து நின்றான் செல்வம். கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷனிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

பறிப்புக் காலம் வந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. எடை குறைந்த கோகிலா ஏறுவது, செல்வம் பிடிப்பது என்று முடிவாயிற்று. தாழ்ந்த கொடிகளில் இருவரும் மாறி மாறி ஏறினார்கள்; அப்படியே அவளைப் பழக்கினான். ஏறியவர் இறங்கித் தரையில் கால் வைத்ததும் ‘மண்ணு’ என்று சொல்ல வேண்டும். அது காதில் விழும்வரை கீழே நிற்பவர் கையை எடுக்கக் கூடாது. சில நாளிலேயே அந்தச் சொல் கேட்டதும் கோகிலாவின் விரல்கள் தானாக விரியத் தொடங்கின.

பாப்பாயி விழுந்த அன்று ஏணியை யார் பிடித்திருந்தது என்று அவள் கேட்டாள்.

செல்வம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். “நாந்தான் கண்ணு. மண்ணுன்னு அவ கொரலு காதுல உழுந்துச்சு. கையெடுத்துட்டேன். அண்ணாந்து பார்த்தா, அவ இன்னும் மேலயே நிக்கறா.”

பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கண்ணு அக்காவிடம் விசாரித்தாள். அந்தக் கதையை ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை என்றாள் அவள். நெருப்பில்லாமல் புகையுமா என்று கோகிலாவுக்குத் தோன்றிவிட்டது.

அன்று மத்தியானம் படத்தை மறுபடி போட்டாள்.

செல்வம் அண்ணாந்து பார்க்கவில்லை. அவன் கண் பக்கவாட்டில் போயிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விடுகிற பார்வை.

இன்னொரு முறை போட்டாள்.

ஒரு கை ஏணியிலேயே இல்லை.

இத்தனை நாள் ஒரே தட்டில் சோறு தின்ற மனுஷன். மறுநாள் உச்சிக்கொடிகளைப் பறிக்க வேண்டும். அவள் மேலே, அவன் கீழே.

காலையில் தோட்டம் முழுக்க மூடுபனி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் தலை தெரியவில்லை. செல்வம் ஏணியைச் சாத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான். கோகிலா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நீங்க ஏறுங்க. நான் புடிச்சுக்கறேன்.”

அவன் அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

“நீயுமா கண்ணு?”

சாக்குப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். இடுப்பு, முழங்கால், கடைசியில் பாதம், எல்லாம் பனிக்குள் மறைந்தன. ஏணி முறுக்கிக்கொண்டு முனகியது. கோகிலா இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். சந்தேகப்பட்டாளே ஒழிய, அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அது சத்தியம்.

மேலே கொடி சலசலத்தது.

பிறகு அதுவும் நின்றது.

“மண்ணு.”

செல்வத்தின் குரல். காதுக்கு அத்தனை பக்கத்தில், மூச்சுக்காற்று படும்படி.

விரல்கள் விரிந்தன.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஏணி மெல்லத் திரும்பியது. அவள் தாவிப் பிடிப்பதற்குள் மேலிருந்து அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் சின்னக்கண்ணு. செல்வத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கோகிலா நடந்ததைச் சொன்னாள். குரல் கேட்டது, கையை எடுத்தேன், அவர் மேலேயே இருந்தார். சொல்லும்போதே அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

“அப்படியா சாமி?” என்றாள் சின்னக்கண்ணு. அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையைக் கோகிலா அடையாளம் கண்டுகொண்டாள். காலைவரை தன் கண்ணில் இருந்த பார்வை.

காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறிய சாயங்காலம், அவள் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டாள். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிக்கொண்டு, அண்ணாந்து, பாப்பாயியையே பார்த்து நின்றான் செல்வம். மறுபடி போட்டாள். அதேதான். கை நரம்பு புடைத்திருந்ததுகூடத் தெரிந்தது. பாவி, இதை எப்படி வேறு மாதிரிப் பார்த்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, அந்த இடத்தில் படத்தை நிறுத்தி வைத்தாள். இத்தனை தடவையும் அவள் அவன் கையையும் கண்ணையும்தான் பார்த்திருக்கிறாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்ததே இல்லை. கொடியின் நிழல் என்று விட்டுவிட்ட இடம்.

அங்கே ஒரு முகம் இருந்தது. அவன் காதை ஒட்டிக் குனிந்திருந்தது. உதடு திறந்திருந்தது.

பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். ஏணி வந்தது. பாப்பாயி வந்தாள். செல்வம் வந்தான்.

அவன் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காதோரத்து மயிர் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.