பெண்ணாகிப் போன எட்டாம் எண்

காலை 9.10. பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடம். கணினித் திரையில் எட்டாம் எண் நோயாளி பெண்ணாகியிருந்தார்.

டாக்டர் கூ பீ சுவான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எட்டாம் எண், அறுபத்தெட்டு வயது லாரி ஓட்டுநர், மீசைக்காரர். அவர் மூக்கின் பின்னாலிருந்து புற்றுக்கட்டியின் துணுக்கை எடுத்ததே அவள்தான். அந்தத் துணுக்கில், பெண்களிடம் மட்டுமே விழித்திருக்கும் மரபணு சிவப்பாக எரிந்தது. மூக்குத் தொண்டை டாக்டரான அவளுக்குப் புள்ளியியல் என்றாலே எட்டிக்காய். இந்த ஆய்வுக்காக மூன்று வாரமாகத்தான் புத்தகம் வைத்துப் படிக்கிறாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் ஊய்க்குக் குழப்பமே இல்லை.

"மாதிரிக் குழாயை மாத்திப் போட்டது ரோஸ்மைனிதான். வேற யாரு தொட்டா? மூணு மணிக்கு டைரக்டருக்கு லெட்டர் போகுது. பன்னிரண்டு பேரோட மரபணுச் சில்லும் குப்பைக்கு, அவ வீட்டுக்கு."

பத்தொன்பது வருடமாக அங்கே ஆய்வக ஊழியராக வேலை பார்க்கும் ரோஸ்மைனி பக்கத்தில்தான் நின்றாள். பீ சுவான் வாயைத் திறக்கவில்லை.

11.40. பீ சுவான் ரோஸ்மைனியிடம் போய், மலாயில் அக்கா என்று அழைத்துக் கேட்டாள்.

"கக் ரோஸ், குழாயை எந்த வரிசையில வச்சீங்க?"

"லிஸ்ட் எப்படியோ அப்படி."

"சொல்லுங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு-ஏ, அஞ்சு... பன்னிரண்டு வரைக்கும்."

"நாலு?"

"ப்ரொஃப் விடுவாரா? சீனத்துல நாலுன்னா சாவுன்னு கேக்குமாமே. சாகப் பயந்து வந்தவங்களுக்கு அந்த நம்பரான்னு கேப்பாரு. இங்க லிஃப்ட்லயே நாலு கிடையாது லா."

மதியம் 1.15. மேசையில் மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போனது. பீ சுவான் ஆண் யார், பெண் யார் என்று காகிதத்தில் எழுதித் திரையோடு ஒப்பிட்டாள். பொருந்தவில்லை. காகிதத்தை ஒரு வரி நகர்த்தினாள். அஞ்சிலிருந்து எல்லாம் பொருந்தியது.

2.50. பேராசிரியர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ரோஸ்மைனி கதவோரம் நின்றாள். பீ சுவான் தன் காகிதத்தைப் பேராசிரியர் முன்னால் வைத்தாள்.

"குழாய் மாறியிருந்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமா மாறியிருக்கும், ப்ரொஃப். இது அப்படியில்ல. முதல் மூணு பேர் சரி. அஞ்சுலேர்ந்து ஒவ்வொருத்தர் பேர்லயும் அவங்களுக்கு முன்னால உள்ளவரோட மரபணு. மூணு-ஏ பேர்ல பன்னிரண்டாவது ஆளோடது."

"அதனால?"

"மெஷின் வச்ச வரிசையிலதான் குடுக்கும், பேர் போடாது. மேல பேரை ஒட்டினது வேற ஆளு. ஒட்டறதுக்கு முன்னாடி லிஸ்டைச் சின்ன எண்லேர்ந்து அடுக்கியிருக்காங்க. கம்ப்யூட்டருக்கு மூணு-ஏ எண்ணே இல்ல, எழுத்து. கடைசிக்குத் தள்ளிடுச்சு. பின்னால இருந்தவங்க எல்லாம் ஒரு படி மேல ஏறிட்டாங்க."

"எந்த மடையன் அடுக்கினது?"

"நான்தான். புத்தகத்துல 'முதல்ல அடுக்கு'ன்னு இருந்துச்சு. அடுக்கினேன்."

பேராசிரியர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"நல்லது, சில்லெல்லாம் பிழைச்சுது. ரோஸ்மைனி, போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"டைரக்டர்கிட்ட சொல்ல ஒரு பக்கம் எழுதினீங்க, ப்ரொஃப். எங்கிட்ட சொல்ல ஒரு வார்த்தை இல்லையா?"

அவர் கீழே பார்த்துக்கொண்டு, தப்புத்தான் என்று முனகினார். ரோஸ்மைனி தலையாட்டிவிட்டு பீ சுவான் பக்கம் திரும்பினாள்.

"கண்டுபிடிச்சதுக்கு நன்றி, டாக்டர். ஆனா காலையில அவர் என்னைச் சொன்னப்போ, நீங்களும் இங்கதான் நின்னீங்க."