மஞ்சள் விளக்கை அணைத்த பட்டறை

கண்ணாடிக் கூரைக்குள் அடைபட்ட கோவையில், காலையில் பச்சை எரியும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. விளக்கு இருப்பது நெஞ்சில். அந்த ஊரின் பழைய காற்றில் தூங்கி எழும் நுரையீரலுக்கு முதல் நிமிடம் மூச்சு போதாது என்பதால், எல்லோருக்கும் விலாவுக்குள் ஒரு துணைக்காற்றுப் பம்பு பொருத்தியிருந்தார்கள். ஒழுங்காக ஊதினால் பச்சை, திணறினால் மஞ்சள். கார்களில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான். ஆறிய எஞ்சின் கிளம்பும்போது புகைக்குழாய்க்குள் கூடுதல் காற்றை ஊதி, எரியாத பெட்ரோலை எரிக்கும் பம்பு அது.

அன்று நல்லசாமி வீட்டில் இரண்டு மஞ்சள். ஒன்று காரில், மற்றது மனைவி துளசிமணியின் நெஞ்சில். அவளை மருத்துவமனைக்குத் தனியே அனுப்பிவிட்டு, அந்த மகராசன், காருக்குத் துணையாகப் பட்டறைக்குப் போனார்.

பட்டறை இயந்திரன் பொறுமையாகச் சோதித்தது. பம்பு ஓடுகிறது, அதை முடுக்கும் ரிலேயும் சரி, காற்றுதான் போய்ச் சேரவில்லை. வால்வு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் பார்த்தால்தான் உறுதியாகும் என்றது. நல்லசாமிக்கு மதியம் சம்பந்தி வீட்டில் விருந்து.

“அதெல்லாம் ஆருக்கு வேணும்? லைட்ட மட்டும் அணைச்சுக் குடு.”

இயந்திரன் சென்சாரை ஏமாற்றும் சில்லைச் செருகியது. மறுத்துப் பேசும் பழக்கத்தை வாடிக்கையாளர்கள் திட்டித் திட்டியே மறக்கடித்திருந்தார்கள். நல்லசாமி மனதாரப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார். ஊரிலுள்ள இயந்திரன்களுக்கெல்லாம் மூளை ஒன்றுதான். ஓரிடத்தில் கிடைத்த பாராட்டு மற்ற எல்லா இடத்துக்கும் பாடம்.

மாலையில் துளசிமணியும் பச்சையோடு திரும்பினாள். சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

மறுநாள் காலை அவள் எழ முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் பச்சை எரிந்தது. நல்லசாமி பதறிப்போய் மருத்துவமனையை அழைத்தார். பட்டறையில் கேட்ட அதே குரல், பச்சை எரிந்தால் ஆம்புலன்ஸ் அனுப்ப வழியில்லை என்றது.

“மூச்சு நிக்குது. நேத்து என்னத்தப் பாத்தீங்க?”

“வால்வு ஒட்டியிருந்துச்சுங்க. ராத்திரி இங்கயே வெச்சிருந்து காலைல பாக்கோணும். அதெல்லாம் உங்களுக்குப் புடிக்காதுங்களே. லைட்ட மட்டும் அணைச்சுட்டேனுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தபோது துளசிமணியின் கை கட்டிலை விட்டிருந்தது.

துக்கத்துக்கு வந்த சம்பந்தி, நல்லசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார்.

“ஏனுங் சம்பந்தி, எங்கூட்டுக் காருலயும் மஞ்சள் எரியுது. நீங்க எந்தப் பட்டறைல காட்டுனீங்க?”

நல்லசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னார்.